அரக்கில் எழுதிய வரலாறு

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை எங்கள் செஞ்சிக் கோட்டை. கோன்கள் தொடங்கினர் என்பர், நாயக்கர் பெருக்கினர், பீசப்பூர்ப் படை பிடித்தது, 1677இல் சிவாசி கைப்பற்றினார், மொகலாயர் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல் நுழைந்தனர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெசுகோ நிறுவனம், மராட்டியப் படைத்துறை நிலப்பரப்பு என்ற தொகுப்பின்கீழ், உலக மரபுப் பட்டியலில் இதனைச் சேர்த்தது. பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட தொகுப்பில் பதினொன்று மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம்முடையது. கல்லுக்குக் காவல் கிடைத்துவிட்டது. மகிழ்ச்சி!

ஆனால், இந்தக் கோட்டையில் ஒலித்த குரல்கள் எங்கே? 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து இளம் வயதிலேயே மாண்ட தேசிங்கின் கதையைத் தலைமுறை தலைமுறையாக இவ்வட்டாரம் பாடிற்று. பாட்டு, பின்னாளில் அச்சேறியது. 1960இல் திரைப்படமும் ஆயிற்று. எனினும் அந்தக் கதைப்பாட்டை முதன்முதல் பாடியவன் எந்தக் கட்டையில் எடுத்தான்? எந்த இடத்தில் குரலை இறக்கினான்? எங்கே மூச்சு வாங்கினான்? எவரும் சொல்ல முடியாது. மன்னன் தந்த நிலத்தின் எல்லை கல்லில் இருக்கிறது. கொடுத்த பசுவின் கணக்குச் செப்பேட்டில் இருக்கிறது. பாடிய ஏழையின் தொண்டை மட்டும் காற்றோடு போயிற்று. நெடுங்காலம் வரலாறு கண்ணுள்ள செவிடாகவே இருந்தது.

அதற்குக் காது முளைத்தது 1877இல். எடிசன் ஒலியைப் பதிந்து மீட்டுக் காட்டிய ஆண்டு அது. 1887இல் எமில் பெர்லினர் என்பார் உருளையைக் கைவிட்டுத் தட்டையான வட்டில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டார். அதுவே இசைத்தட்டு. கல்லெழுத்தும் ஓலையெழுத்தும் அச்செழுத்தும் கண்ட மாந்தர்க்கு, அன்று அரக்கெழுத்து வாய்த்தது. பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்போரையும், சேர்த்ததோடு நில்லாமல் அவற்றின் ஒலித்தரத்துக்காக ஊசியோடும் திருகாணியோடும் மல்லாடுவோரையும் பார்த்து, 'வேலையற்ற செல்வர் விளையாட்டு' என நகைப்போர் உளர். அத்தகைய செல்வரும் இல்லாமல் இல்லை. ஆயினும், தேய்ந்த கல்வெட்டை மாவு பூசிப் படிக்கிறவன் செய்யும் வேலை எதுவோ, அதுவேதான் தேய்ந்த தட்டைத் தெளிவாகக் கேட்க முயல்பவன் செய்யும் வேலையும்.

அரக்கெழுத்து என்றது உவமைக்காக அன்று. 1950களின் நடுப்பகுதி வரை உலகமெங்கும் சுழன்ற 78 சுற்று இசைத்தட்டு உண்மையிலேயே அரக்கால் ஆனது. அரக்கு என்றவுடன் பாரதக் கதையில் எரிந்த மாளிகை நினைவுக்கு வருவோர் சற்றே வடக்கே, சோட்டா நாகபுரிக் காடுகளை நோக்குக. பலாசு, குசும்பு, இலந்தை மரங்களின் சிறு கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு நுண்பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதைச் சுரண்டி எடுத்துச் சுமந்து விற்றோர் அக்காடுகளின் பழங்குடி மக்கள். இலண்டனிலும் பெர்லினிலும் நியூயார்க்கிலும் அழுத்தப்பட்ட தட்டுகளுக்குப் பிணைப்புப் பொருள் பெரும்பாலும் இந்நாட்டிலிருந்தே சென்றது. அரக்கு ஒரு பங்கு. கல்மாவும் கரியும் பஞ்சு இழையும் பல பங்கு. அந்தக் கல்மாவு ஏன்? கனமான எஃகு ஊசியைத் தட்டே சாணை பிடித்துத் தன் வரிப்பள்ளத்துக்கு இசையச் செய்யவேண்டும் என்பதற்காக! பழைய தட்டைச் சுழற்றியதும் மழை பெய்வதுபோல் கேட்கிறதே ஓர் இரைச்சல், அதன் மூலம் இதுதான். கல்லை விட்டு வந்தோம் என்று எண்ணினோம், தட்டுக்குள்ளும் கல்!

அந்த அரக்கில் ஏறிய குரல்களுள் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசை. அடிமைச் சந்தைக்கு ஆடுமாடுகளாக ஓட்டிச் செல்லப்பட்டோரின் பேரர்கள் நியூ ஆர்லியன்சு நகரத் தெருக்களில் உருவாக்கிய இசை அது. முதல் ஜாஸ் இசைத்தட்டு எனப் பெயர் பெற்றது 1917 பிப்ரவரி 26இல் பதிவாயிற்று. வாசித்தவர் யார் தெரியுமா? வெள்ளையர் ஐவர். ஆக்கியவன் வாசலில் நிற்க, கேட்டுக் கற்றவன் கூடத்தில் அமர்ந்தான்! இந்தக் காட்சி நமக்குப் புதிதா என்ன?

கறுப்பினக் கலைஞர் பதிவுக்கூடத்துள் நுழைந்தபோது அவர்களுக்கெனத் தனிப் பட்டியல் ஒதுக்கப்பட்டது. 'இன இசைத்தட்டுகள்' என்றே அதற்குப் பெயர். ஊருக்குப் புறத்தே சேரி வைத்தது போல, விலைப்பட்டியலுக்குப் புறத்தே ஒரு பட்டியல். 1923 ஏப்ரலில் கிங் ஆலிவர் குழுவினர் இந்தியானா மாநிலத்து ரிச்மண்டு நகரில் கென்னெட் நிறுவனத்தின் கூடத்தில் வாசித்தனர். இருப்புப்பாதை ஓரத்துக் கட்டடம். வண்டி வந்தால் பதிவை நிறுத்தவேண்டும். ஒலிவாங்கி இல்லாக் காலம். பெரிய கூம்பின் முன் குழுவினர் நெருங்கி நின்று வாசிக்க, அதிர்வு மெழுகு வட்டில் நேரே கீறப்படும். அக்குழுவில் இருபத்திரண்டு வயது நிரம்பாத இளைஞர் ஒருவர் காற்றுக்கருவி வாசித்தார். அவர் ஒலி மற்றவரை விழுங்கிற்று. ஆகவே அவரைக் கூம்பிலிருந்து தொலைவில், அறையின் மறுகோடியில் நிறுத்தினர் என, உடன் பியானோ வாசித்த லில் ஆர்டின் பின்னாளில் நினைவு கூர்ந்தார். அந்த இளைஞர் லூயி ஆம்சுட்ராங்!

தேய்ந்த படியில் அத்தட்டைக் கேட்டால் ஆம்சுட்ராங் எங்கோ முனகுவதாகவே படும். நல்ல படியைத் தேர்ந்து, பொருந்திய ஊசியிட்டு, சரியான வேகத்தில் சுழற்றினால், தொலைவில் நின்றவர் தொலைவில் நின்றபடியே தெளிவாகக் கேட்பார். அறையின் நீளம்கூடக் காதில் விழும். ஒலித்தரம் என்பது இன்பத்துக்கான சருக்கரை மட்டும்தானா? யார் எங்கே நிறுத்தப்பட்டார் என்ற சான்றும் அதற்குள் இருக்கிறதே!

இன்னொரு செய்தி. கறுப்பின இசையை அழுத்தி விற்ற அதே கென்னெட் ஆலை, அதே பத்தாண்டில், கறுப்பினத்தாரைக் கொளுத்தியும் தூக்கிலிட்டும் திரிந்த கு கிளக்சு கிளான் கூட்டத்தார் காசு கொடுத்துக் கேட்டபோது அவர்கள் பாட்டுகளையும் அழுத்திக் கொடுத்தது. அரக்குக்கு அறம் கிடையாது. யார் குரலையும் ஏற்கும். எதைக் காப்பது என்ற பொறுப்பு மனிதர் தலையில்தான் விழுகிறது.

அப்பொறுப்பை முதலில் ஏற்றவர் நிறுவனத்தார் அல்லர், சேகரிப்பாளரே. விசுகான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்யும் நிறுவனம் ஒன்று, தட்டுப்பெட்டி விற்கும் ஆசையால் பாரமவுண்டு என்ற பெயரில் இசைத்தட்டும் வெளியிட்டது. மா ரெய்னி போன்ற பெரும் பாடகியரைப் பதிந்தது. மட்டமான கலவை, மிகுந்த இரைச்சல். 1932இல் பதிவை நிறுத்திக்கொண்டது. மூல அச்சுத் தகடுகளைப் போற்றிக் காக்க ஆளில்லை. இன்று நாம் மா ரெய்னியைக் கேட்பதெல்லாம் யாரோ சிலர் வீடு வீடாய் அலைந்து திரட்டிய பழந்தட்டுகளின் வழியே. பாரிசு நகரத்துச் சார்லசு டெலோனே 1936இல் ஜாஸ் தட்டுகளின் விளக்கப் பட்டியல் ஒன்றை நூலாக வெளியிட்டார். குழுத்தலைவன் பெயர் மட்டுமே அச்சிட்ட தட்டுகளில் மற்ற கருவிகளை வாசித்தவர் யார் யார், எந்நாளில், எவ்வூரில் என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எழுதினார். பெயரற்றோர்க்குப் பெயர் கிடைத்தது.

பிறகு போர் வந்தது. கப்பல் வழி குலைந்தது. அரக்கு, படைத்தேவைக்கு ஒதுக்கப்பட்டது. 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கைப் பத்தில் மூன்று பங்காகக் குறைத்தது. உடனே, பழைய தட்டுகளைக் கொண்டுவந்து கொட்டுங்கள், உருக்கிப் புதியன செய்வோம் என்ற முழக்கம் எழுந்தது. எத்தனை அரிய தட்டுகள் அந்த உலையில் வெந்தனவோ! நம் காட்டுப் பூச்சியின் பிசின் வரத் தடைபட்டதால், மிசிசிப்பிக் கரைக் குரல்கள் உருகின. உலகம் ஒன்று என்பதை இப்படியும் அறியவேண்டியிருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1902 நவம்பரில் பிரெட் கெய்சுபர்க் என்னும் பதிவாளர் கல்கத்தாவில் கௌகர் ஜானைப் பதிந்தார். மெழுகு வட்டுகள் செர்மனியின் ஆனோவர் நகருக்குக் கப்பலேறித் தட்டுகளாகித் திரும்பின. பாட்டு முடிந்ததும் அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அத்தட்டுகளில் கேட்கிறது. அயல்நாட்டில் ஒட்டுச்சீட்டு ஒட்டுவோர்க்கு அது அடையாளம். 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை எழுந்தது. பதிவாளர் சென்னைக்கும் வந்தனர்.

வந்தபோது கூம்பின் முன் துணிந்து நின்றோர் யார்? குரல் போய்விடும் என்றும், கண்டவன் கேட்பான் என்றும் பெரிய வித்துவான்கள் பலர் தயங்கிய காலை, பொட்டுக்கட்டும் வழக்கத்தால் ஊரார் இழித்துரைத்த குலத்துப் பெண்கள் பாடினர். அவர்களுள் ஒருவர் கோயம்புத்தூர்த் தாயி. 1872இல் பிறந்து 1917இல் மறைந்தவர். மூன்று நிமிடத்துக்குள் ஓர் இராகத்தின் உருவையே காட்டிவிடும் ஆற்றல் அவர் தட்டுகளில் உண்டு. பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளர் மோரிசு டெலாசு அத்தட்டுகளைக் கேட்டு வியந்தார். 1912ஐ ஒட்டி அவர் இயற்றிய நான்கு இந்துக் கவிதைகள் என்ற இசைத்தொகுப்பில் தாயியின் குரலோட்டம் படிந்திருப்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். பாரிசு அரங்கில் அவர் சாயல் ஏறிற்று. இங்கோ, கச்சேரி வரலாறு எழுதியோர் பலர் அவரை ஒரு வரியில் கடந்தனர். பொட்டுக்கட்டும் கொடுமை 1947இல் சட்டத்தால் ஒழிந்தது, ஒழியத்தான் வேண்டும். கொடுமையோடு சேர்த்து அப்பெண்டிரின் கலையுரிமையையும் குழியில் இட்டுவிட்டு, பின்னர் அக்கலையைத் தம் கூடத்துக் கலையாகக் கொண்டாடினார்களே, அதற்குத்தான் கணக்குக் கேட்கவேண்டும். அந்தக் கணக்கின் ஏடு, தட்டு!

வீணை தனம்மாளை எண்ணுங்கள். 1867 முதல் 1938 வரை வாழ்ந்தவர். சென்னையில் அவர் வீட்டு வெள்ளிக்கிழமை இசைக்கு வந்தோர் இருமவும் அஞ்சுவர் என்பர். அத்துணை மெல்லிய நாதம். அவர் தம் முதுமையில், 1932இல், கொலம்பியா நிறுவனத்துக்காகச் சில தட்டுகள் தந்தார். இருமலுக்கே இடம் தராதவரின் வீணை, கல்மாவின் இரைச்சலுக்கு நடுவே நம்மை வந்தடைகிறது. இரைச்சலைக் கருவிகொண்டு முற்றும் துடைத்தெறிந்தால் என்னாகும்? மீட்டியபின் நெடுநேரம் தேயும் நாதத்தின் வாலும் கூடவே துடைக்கப்படும். இன்று கணினி வழியே 'தூய்மை' செய்து உலவவிடப்படும் பழம்பாட்டுகள் பல இப்படித் தோலுரிந்தவையே. இங்கிலாந்தில் ஜான் ஆர். டி. டேவிசு என்றொருவர் (1927–2004) பழைய ஜாஸ் தட்டுகளை நாடாவுக்கு மாற்றியபோது, ஒவ்வொரு வெடிப்பொலிக்கும் உரிய இடத்தைக் கண்டு, அந்த இடத்து நாடாப் பூச்சை மட்டும் கையால் சுரண்டினார். இசையைத் தொடாமல் அழுக்கை மட்டும் நீக்கும் பொறுமை அது.

எசு. சி. கிட்டப்பாவின் நிலை இன்னும் உருக்கமானது. 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டும் உச்சக் குரல். 1933 திசம்பரில், இருபத்தேழே வயதில் மறைந்தார். தமிழ்ப் பேசும்படம் பிறந்து இரண்டே ஆண்டு. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே கிட்டப்பா என்ற பெருங்குரலுக்கு உலகில் எஞ்சிய உடல், இசைத்தட்டுகள் மட்டுமே. அவை உடைந்தால், அது இரண்டாம் சாவு.

தட்டு செய்த மற்றொரு வேலையையும் சொல்லியாக வேண்டும். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்கக் கோவில் திருவிழாவுக்கோ பெருஞ்செல்வர் திருமணத்துக்கோ போகவேண்டும். போனாலும் யார் எதுவரை நெருங்கலாம் என்று சாதி கோடு கிழித்திருந்தது. மதுரைக் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்ததே 1939இல்தான். ஆனால் கடைத்தெருவில் சாவி கொடுத்துச் சுழலவிட்ட தட்டு, கேட்பவன் குலத்தைக் கேட்கவில்லை. அதே தெருவின் தேநீர்க் கடையில் குவளை இரண்டு, குரல் ஒன்று. வாசித்தவரோ, மேலாடை இன்றி நின்று வாசித்த குலத்தில் தோன்றி, கோட்டும் கிராப்புமாக மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்று நிமிர்ந்தவர்!

இராசரத்தினனாரின் தட்டைக் கொண்டே ஒலித்தரத்தின் இலக்கணம் ஒன்றை விளக்கலாம். குட்டையான திமிரி நாகசுரம் உச்சச் சுருதியில் கீச்சிடும். நீண்ட பாரி நாகசுரம் தாழ்ந்த சுருதியில் கம்பீரமாய் ஒலிக்கும். பாரியை நிலைபெறச் செய்தவர் இவரே. 78 சுற்றுச் சுழலவேண்டிய தட்டை ஏறத்தாழ 82½ சுற்றில் விட்டால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். இன்னும் விரைந்தால் பாரி திமிரியாகிவிடும். ஒருவர் வாழ்நாள் உழைப்பால் செய்த மாற்றத்தை ஒரு திருகாணி கவிழ்த்துவிடும்! கூம்புக் காலத்துத் தட்டுகளிலோ தொல்லை மிகுதி. 78 என்ற எண்ணே அன்று உறுதிப்படவில்லை. 70 சுற்றில் பதிந்ததும் உண்டு, 80ஐத் தாண்டியதும் உண்டு.

எம் பள்ளி மாணவன் ஒருவன் தன் தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த தகரப்பெட்டியை ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்தான். உறைகளைச் செல்லரித்திருந்தது, தட்டுகளிற் பாதி உடைந்தவை. உடையாத ஒன்றைக் கடன்வாங்கிய பெட்டியில் சுழற்றினோம். "பாடுவது சின்னப் பிள்ளையா, ஐயா?" என்றான். குழந்தை இல்லை, வேகம்! 77 கோடுகள் வரைந்த வட்டத்தாளைத் தட்டின்மேல் வைத்து, பழைய குமிழ் விளக்கின்கீழ்ச் சுழற்றினால், கோடுகள் அசையாது நிற்பதுபோல் தோன்றும் வேகமே சரியான வேகம். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால் விளக்கு 100 முறை மினுக்கும். 77 கோட்டுக்கு நிமிடத்துக்கு 77.92 சுற்று என்று கணக்கு விழும். அன்றைய கணக்குப் பாடத்தை அவ்வகுப்பு மறக்கவில்லை. குழந்தை இறங்கி, நடுவயதுப் பெண்மணி ஒருவர் பாடத் தொடங்கினார்.

இப்படிப்பட்ட பெட்டிகள் பிற வீடுகளிலும் இருக்கக்கூடும். அவர்களுக்குச் சில சொற்கள். அழுக்கு நீங்கட்டும் என்று சாராயக் கலவையால் துடைக்காதீர். அரக்கு அதில் கரையும், பாட்டும் கரையும். வடித்த நீரும் மென்மையான வழலையும் போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். எங்கள் ஊரில் சித்திரை வெயில் பாறையிற் பட்டு இரவெல்லாம் அனல் வீசும். ஓட்டுக் கூரையின்கீழ்ப் பரணில் தட்டு அப்பளம்போல் வளையும். பிற்கால நெடுந்தட்டுக்குரிய ஊசியை இதில் இடாதீர். அதன் முனை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதற்கு வேண்டியது ஏறத்தாழ மூன்று பங்கு. சிறிய முனை பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் படிக்கும். கைதேர்ந்தோர் பல அளவு ஊசிகளை மாற்றி மாற்றி இட்டு, பழைய எஃகு ஊசி தேய்க்காமல் விட்ட இடம் பள்ளத்தின் சுவரில் எங்கே இருக்கிறதென்று தேடுவர். அங்கே, எவர் காதும் தொடாத குரல் புதிதாய் இருக்கும்.

தேடுவோரும் இருக்கின்றனர். மும்பையில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியது. ஆசுத்திரேலியரான மைக்கேல் கின்னியர், இந்நாட்டின் முதல் பதிவுகளை எண் எண்ணாக ஆராய்ந்து 1994இல் நூலாக்கினார். தமிழ் நூல்களுக்குக் கோட்டையூர் ரோசா முத்தையா செய்ததை நினைக்கலாம். தனி ஒருவர் தேடித் தேடிச் சேர்த்த ஏடுகள், அவர் 1992இல் மறைந்தபின் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக எழுந்தன; அதற்கும் கைகொடுக்கச் சிக்காகோப் பல்கலைக்கழகம் வரவேண்டியிருந்தது. பேரீச்சம்பழத்துக்கும் எடைக்கும் பழம்பொருளைப் போடுகிற வழக்கம் நம்முடையது.

சேர்ப்போரிலும் ஒரு சாய்வு உண்டு. சபை வித்துவான் தட்டுக்கு உறைமேல் உறை. நாடகப் பாட்டு, நகைச்சுவைப் பாட்டு, ஊர்ப்புறப் பாட்டு ஆகியவற்றின் தட்டு என்றால் மூலையில் வீச்சு. 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசைக்கு மாநாடு கூட்டி, 1943இல் சென்னையில் சங்கம் கண்டு, தமிழில் பாடுக என்று போராடவேண்டி வந்ததே. அதற்கு முன்பே தமிழ்ப் பாட்டு நாடக மேடைத் தட்டுகளில் ஊரெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த மூலைத் தட்டுகளைக் கேளாமல் தமிழிசையின் வரலாற்றை எழுத முடியாது.

பெட்டி வைத்திருப்போர் தட்டின் நடுவே ஒட்டிய சீட்டைச் சுற்றி, வரிப்பள்ளம் முடியுமிடத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். சீட்டு கிழிந்திருந்தாலும் அங்கே சிறு எண் ஒன்று பொறித்திருக்கும். அது பதிவின் எண். பாடியவர் பெயர் அழிந்த தட்டுக்கும், அந்த எண்ணைக் கொண்டு பட்டியலில் ஆண்டையும் ஊரையும் ஆளையும் தேட வழியுண்டு. எங்கள் மாணவன் கொண்டுவந்த தட்டில் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. பத்து எண்களில் ஒன்றாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம்.